ஒரே ஒரு மீன்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று, பெயர் செண்பகவல்லி. அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு டீச்சர். சைக்கிள் மிதித்தே பாதி இந்தியாவைப் பார்த்தவள். தலை நரைத்தவர் சீடர்தான். மாசிலாமணி என்று பெயர். விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஆள் தங்கமானவர். கோளாறு ஒன்றுதான், ஓரிடத்தில் நிற்க மாட்டார். டீக்கடையில்கூட கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டேதான் குடிப்பார். டீ பாதி வாய்க்குள்ளும் பாதி சட்டையிலும் போகும்.

கன்னியாகுமரியில் கிளம்பி இமயமலை வரை சைக்கிளில் போவது என்று இரண்டு பேரும் புறப்பட்டிருந்தார்கள். டீச்சருக்கு அது இன்னொரு பயணம். மாசிலாமணிக்கு அதுதான் உயிர். ஒரு வருஷம் அவளிடம் பழகி, திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டில் சண்டை போட்டு, மருமகனின் நமட்டுச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

நத்தம் பக்கம் கீழப்பொய்கை என்ற ஊருக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது டீச்சரின் முகம் சரியில்லை. வழியில், "கொஞ்சம் இருங்க அண்ணாச்சி, உங்க முட்டி வீங்குது" என்று ஒரு மரத்தடியில் அவள் சைக்கிளை நிறுத்தினாள். "ஸ்பீடு விட்டுப்போயிரும் டீச்சர்!" என்று கத்திக்கொண்டே இவர் பறந்துவிட்டார். அவள் துரத்திப் பிடிப்பதற்குள் தப்பான ரோட்டில் திரும்பி, ஒரு கல்குவாரிக்குள் போய் வட்டமடித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் நிற்கவில்லை, பாருங்கள்.

தங்க இடம் கொடுத்தது மாயழகுவும் அவர் மனைவி அடைக்கியும். நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். பம்புசெட்டு ரூமைக் கூட்டிப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். கேட்காமலே சோறும் வந்தது.

"நல்ல நாளாப் பாத்து வந்துருக்கீக," என்றாள் அடைக்கி. அவளுக்குச் சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது. "நாளைக்கு எங்க கண்மாயில மீன்பிடி. வருசத்துல ஒரே ஒரு நாளு. அன்னைக்கு வயல்ல யாரும் கால் வைக்க மாட்டோம். மாட்டுக்கும் லீவு, மம்பட்டிக்கும் லீவு. ஊரு எல்லைக்குள்ள இருக்கிற எல்லாரும் கண்மாயில எறங்கணும், வெளியூரு ஆளா இருந்தாலும் சரித்தேன்."

"எறங்கலைன்னா?" என்றார் மாசிலாமணி.

"தூக்கிப் போட்டுருவோம்ணே."

அவர் சிரித்துவைத்தார். விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டியாகிவிட்டது.

கிழக்கு வெளுக்கும்போது பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் குரல் கேட்டது.

"எங்க கிளம்பிட்டிய அண்ணாச்சி?"

செண்பகவல்லி வரப்பில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சுல்லா டீச்சர். வெயிலுக்கு முந்தி கணவாயத் தாண்டிருவோம்."

"இன்னைக்கு ஓய்வு."

"எதுக்கு?"

அவள் எழுந்து வந்து அவருடைய முட்டியில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

"இதுக்கு."

"மிதிக்க மிதிக்க சரியாயிரும் டீச்சர்."

"ஆகாது."

மாசிலாமணி கயிற்றை இன்னும் இறுக்கினார். இத்தனை நாளும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

"டீச்சர், என் கூட வண்டியில கண்டக்டரா வந்தவன் சூசைமரியான். ஆளு பாறை மாதிரி இருப்பான். ரெண்டு பேரும் ஒரே மாசம் ரிட்டயர் ஆனோம். அவன் வீட்டு வாசல்ல சேர் போட்டு உக்காந்தான். உக்காந்தவன் உக்காந்ததுதான், அடுத்த கிறிஸ்மஸ் பாக்கல. எனக்கு வண்டி ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா செத்துருவேன். நிக்கதுல என்ன இருக்குன்னு நிக்கச் சொல்லுதிய?"

அவள் கூழைக் குடித்து முடித்தாள். சொம்பைக் கழுவினாள். அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிப் பையை அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"ஒரு மீன் பிடிச்சிட்டு வாங்க," என்றாள்.

"என்னது?"

"ஒரே ஒரு மீன். உங்க கையால பிடிச்சது. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள."

"கொண்டு வரலன்னா?"

"சாப்பிட்டதும் நத்தத்துல பஸ் ஏத்தி விட்டுருதேன். நான் தனியாப் போய்க்கிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். இல்லை. அவள் சொன்னால் சொன்னதுதான். மருமகனின் சிரிப்பு கண்முன்னால் வந்து நின்றது.

"ஒரு மீன்தானே!" என்றார். "ஒரு மூட்டை கொண்டு வாரேன் பாருங்க!"

கண்மாய்க்கரையில் அவர் கால் வைத்தபோது ஊர் அங்கே இல்லை, ஏழெட்டு ஊர் இருந்தது. லாரியில், டிராக்டரில், மொபெட்டில், நடந்து என்று ஜனம் வந்து குவிந்திருந்தது. கரை முழுக்கத் தலைகள். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிய ஆண்கள், சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள், லீவு போட்டுவிட்டு வந்த பேங்க் ஊழியர்கள், இடுப்பில் பேரனைக் கட்டிக்கொண்ட ஒரு கிழவர். கையில் வலை வைத்திருந்தார்கள், கொசுவலை வைத்திருந்தார்கள், பழைய சேலையைக்கூட இரண்டு பேராகப் பிடித்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார்கள். அத்தனை பேரும் முழங்கால் அளவுக்கு வற்றிய தண்ணீருக்கு முன்னால் நின்றார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை.

"ஏன் எறங்கல?" என்றார் மாசிலாமணி. அவர் கால் ஏற்கெனவே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாயழகு அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "அட, இருங்கண்ணே. பெரியவரு துண்டு வீசணும். அதுக்கு முந்தி காலு நனைஞ்சா ஊரே உதைக்கும்."

"எப்ப வீசுவாரு?"

"சாமி கும்பிட்டு முடிச்சிட்டு."

"எப்ப முடிப்பாரு?"

"அவரு முடிக்கிறப்ப."

மாசிலாமணி அங்கேயே நின்ற இடத்தில் நடந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அடைக்கி அவருக்கு ஒரு ஊத்தா கொண்டுவந்து கொடுத்தாள். மூங்கில் குச்சிகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய கூடை. கீழே அகலமாகத் திறந்திருக்கும், மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய்.

"இதத் தண்ணியில படக்குனு அமுக்கணும்ணே," என்று மாயழகு சொல்லத் தொடங்கினார். "அமுக்கிட்டு அப்படியே..."

அதற்குள் மடைமேல் நின்ற ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

ஐயோ, அந்தச் சத்தம்! வானம் இடிந்து விழுந்தாற்போல் ஒரு கூச்சல். கரை மொத்தமும் சரிந்து தண்ணீருக்குள் பாய்ந்தது. கொக்குகள் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன. மாயழகு சொன்னதன் மீதி எங்கே போனதோ தெரியவில்லை. மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முட்டி வலி மறந்துபோனது. "ஹேய்!" என்று தன்னை அறியாமல் கத்திக்கொண்டு அவரும் பாய்ந்தார்.

ஊத்தாவை அமுக்கினார். மேல்வாய் வழியாக எட்டிப் பார்த்தார். கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. தூக்கினார். ஒரு எட்டு முன்னால் வைத்து மறுபடி அமுக்கினார். பார்த்தார், ஒன்றுமில்லை. தூக்கினார். அமுக்கினார். பார்த்தார். தூக்கினார். கண்மாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ரூட் போட்டதுபோல் நேர்கோட்டில் போனார். வலை வைத்திருந்தவர்களை ஒதுக்கினார். சேலைக்காரர்களைத் தாண்டினார். யாரையும் இடிக்கவில்லை, அதில் மட்டும் பழைய கை தவறவில்லை.

சுற்றிலும் மீன் எகிறியது. "கெளுத்திடோய்!" என்று ஒருவன் அலறினான். "விரலக் குத்திருச்சு, குத்திருச்சு!" என்று அவனே சிரித்தான். பேங்க்காரர் ஒருவர் ஒரு கட்லாவை மார்போடு அணைத்துக்கொண்டு, "போட்டோ எடு! போட்டோ எடு!" என்று மனைவியைப் பார்த்துக் கூத்தாடினார். எல்லாருடைய முகத்திலும் சேறு, சேற்றுக்குள் பல்.

மாசிலாமணி எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பினார். கையில் ஒன்றுமில்லை.

"பெருசு, நடவா நடுறீக?" என்று யாரோ கேட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வரிசை தப்பாம நடுறாருய்யா! நாத்து எங்க?"

அவரும் சிரித்தார். வேகத்தைக் கூட்டினார்.

கரையில் செண்பகவல்லி நிற்பது தெரிந்தது. அவள் என்னவோ சொல்லிக் கையை ஆட்டினாள். இவருக்குக் கேட்கவில்லை. கேட்கிற வேகத்திலும் அவர் இல்லை.

மூன்றாவது தடவை திரும்பும்போதுதான் அதைக் கவனித்தார். அவருக்குப் பின்னால், அவர் போட்ட அதே கோட்டில், அடைக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் இடுப்பில் கட்டிய சாக்குப்பை தொங்கிக் கனத்தது. இவர் ஊத்தாவைத் தூக்கிய இடத்தில் அவள் தன் ஊத்தாவை வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டு கையை உள்ளே விட்டாள். மேலே பார்த்து யாரிடமோ ஊர்க்கதை பேசினாள். பேசிக்கொண்டே ஒரு குரவை மீனை எடுத்துப் பையில் போட்டாள்.

மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யம்மா, அது என் மீனு!"

"உங்க மீனா?" அடைக்கி கண்ணை அகல விரித்தாள். "அப்புறம் ஏன்ணே விட்டுட்டுப் போறீக?"

"நான் எங்க விட்டேன்? பாத்தேன், உள்ள ஒண்ணும் இல்ல!"

"நீங்க பாத்தீக," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்ததைத் துழாவப் போனாள்.

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நின்று கேட்க நேரமில்லை. வெயில் ஏறிவிட்டது. ஜனம் ஒவ்வொருவராகக் கரை ஏறத் தொடங்கியிருந்தார்கள். பிடித்த மீனை யாரும் விற்பதில்லை அந்த ஊரில், வந்தவர்களும் விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டியில் போட வேண்டும். கீழப்பொய்கையில் ஏற்கெனவே அடுப்புப் புகை எழும்பிவிட்டது. குழம்பு கொதிக்கிற வாசனை காற்றில் வந்து அவர் மூக்கைப் பிடித்தது.

மத்தியானம் நெருங்குகிறது. ஒரு மீன். ஒரு பொடிக் கெண்டை போதும். அதுகூட இல்லை.

பயம் வந்தது. பயம் வந்ததும் கால் இன்னும் வேகமாகப் போனது. கூட்டம் கலக்காத இடம் ஒன்று மடைப்பக்கம் தெரிந்தது. கொஞ்சம் ஆழம் என்பதால் யாரும் போகவில்லை. அங்கே மீன் ஒதுங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு ஓடினார். ஊத்தாவை ஓங்கி அமுக்கினார். தூக்கி நகர்வதற்காக அடுத்த காலை எடுக்கப் பார்த்தார்.

கால் வரவில்லை.

இன்னொரு காலை ஊன்றி இழுத்தார். அதுவும் சேற்றுக்குள் தொடை வரைக்கும் இறங்கியது. இழுக்க இழுக்க மண் இறுக்கிப் பிடித்தது. நெஞ்சு பகீரென்றது. இரண்டு கையாலும் ஊத்தாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர்!"

கரைமேல் செண்பகவல்லியின் தலை தெரிந்தது. "என்ன அண்ணாச்சி?"

"மாட்டிக்கிட்டேன்!"

"முங்குதியளா?"

"இல்ல! நிக்கேன்!"

"அப்ப நில்லுங்க!"

தலை மறைந்துவிட்டது. உதவிக்கு ஆள் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தார். அவள் வேப்பமரத்து நிழலில் போய் உட்காருவது தெரிந்தது. அழுகை வந்தது அவருக்கு. கோபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் என்ன செய்ய?

எதுவும் செய்வதற்கில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக மாசிலாமணி நின்றார்.

மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். சூசைமரியானின் சேர் ஞாபகம் வந்தது. அப்போதுதான் அது கேட்டது. கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. கைக்குள் வந்தது. டக். டக். டக்டக்.

ஆச்சு, என்று நினைத்தார். நெஞ்சு இப்படித் துடிக்கிறது என்றால் முடிந்தது கதை. நின்றாயிற்று, வண்டி ஆஃப் ஆகப்போகிறது. வீட்டில் யார் போய்ச் சொல்வார்கள்?

டக். டக்டக். டக்.

ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார். நெஞ்சும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தாளம் வேறு. ஊத்தாவின்மேல் இருந்த கையில் வேறு எதுவோ தட்டியது.

மாசிலாமணி கண்ணைத் திறந்தார்.

மூங்கில் குச்சிகள் அதிர்ந்தன. உள்ளேயிருந்து எதுவோ முட்டியது. கொஞ்சம் நிறுத்தியது. மறுபக்கம் போய் முட்டியது.

"யப்பா," என்றார், ஆள் குறைந்துவிட்ட கண்மாயைப் பார்த்து. "உள்ள ஆளு இருக்கு!"

மெதுவாகக் கையை உள்ளே விட்டார். தண்ணீர், அதற்குக் கீழே குளிர்ந்த சேறு. ஒன்றும் இல்லை. எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுத்தாலும் போக வழியில்லையே, அப்படியே வைத்திருந்தார். விரல்களை அசைக்காமல் வைத்திருந்தார். வழவழவென்று ஒரு உடம்பு வந்து உள்ளங்கையில் உரசியது.

விரால்! முழங்கை நீளத்துக்கு விரால்!

கழுத்தைப் பிடித்தார். அது முறுக்கியது. இரண்டாவது கையையும் விட்டார். "விட மாட்டேன்டே! விட மாட்டேன்!" என்று அதோடு பேசினார். தூக்கினார். ஊத்தாவின் வாய்க்கு மேலே கறுத்த தலை வந்தது, உடம்பு வந்தது, வெயிலில் பளபளத்தது. மாசிலாமணிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "டீச்ச..." என்று வாயைத் திறந்தார்.

விரால் வாலைச் சுழற்றி அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டது. கை நழுவியது. தண்ணீரில் ஒரு வளையம் எழுந்து அடங்கியது.

மாசிலாமணி அந்த வளையத்தையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, தனியாக, கன்னத்தில் சேற்றோடு சிரித்தார். காலையிலிருந்து எத்தனை இடத்தில் அமுக்கினோம், எத்தனை இடத்தில் தூக்கினோம் என்று ஒரு நினைப்பு ஓடியது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

ஊத்தாவை எடுத்து மறுபடி வைத்தார். அதன்மேல் சாய்ந்தார். கையை உள்ளே விட்டார்.

குஞ்சு மீன்கள் வந்து விரலைக் கொறித்துவிட்டுப் போயின. நண்டு ஒன்று ஏறி இறங்கியது. ஜனம் எல்லாம் போய்விட்டது. பறந்த கொக்குகள் திரும்பி வந்து, அவரை ஒரு கட்டையாக நினைத்தோ என்னவோ, பக்கத்திலேயே இறங்கின. எதிர்க்கரையில் உழாத வயலில் மாடுகள் படுத்திருந்தன. இதையெல்லாம் இவ்வளவு நேரம் பார்த்து அவருக்குப் பழக்கமே இல்லை. பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. கால்கள் இரண்டும் இன்னும் மாட்டியிருக்கின்றனவா என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"அண்ணே!"

அடைக்கி கரையிலிருந்து கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க வந்திருந்தாள். அவர் இறுக்கம் விட்டிருந்த சேற்றிலிருந்து காலை உருவி, சாவகாசமாகக் கரை ஏறினார்.

"மீனு?"

உதட்டைப் பிதுக்கினார்.

அடைக்கி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முந்தானைக்குள்ளிருந்து ஒரு கெண்டையை எடுத்தாள். "இந்தாங்க. காலையில நீங்க பேசுனது காதுல விழுந்துச்சு. டீச்சரு என்னத்தக் கண்டாக? நீங்க பிடிச்சதுன்னு காட்டுங்க. பாவம், இம்புட்டுத் தூரம் வந்துட்டு பஸ்ஸுல போவீகளா?"

அவர் அந்த மீனைப் பார்த்தார். நல்ல கெண்டை. அவருடைய இமயமலை மொத்தமும் அந்தக் கையில் இருந்தது.

"வேண்டாம்மா," என்றார். "என் மீனு கண்மாயிலதான் கெடக்கு."

மாயழகுவின் வீட்டு வாசலில் பந்தி போல உட்கார்ந்திருந்தார்கள். சட்டி சட்டியாகக் குழம்பு. ஊர் முழுக்க ஒரே வாசனை, ஒரே பேச்சு. எந்த வீட்டில் என்ன மீன், யார் தவறி விழுந்தது, யாருடைய வேட்டி அவிழ்ந்தது என்று தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடத் தொடங்கவில்லை.

மாசிலாமணி அவள் எதிரில் வந்து நின்றார். தலையிலிருந்து கால் வரை சேறு. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"மீன் இல்ல டீச்சர்."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு வந்துச்சு. கையில வந்துச்சு, டீச்சர்! விரால்! இந்தா, இம்புட்டு! நெஞ்சுதான் துடிக்குன்னு நெனச்சேன், பாத்தா அது அங்க துடிக்கு, ஊத்தாவுக்குள்ள! தூக்கிட்டேன்... என்னய அறைஞ்சுட்டுப் போயிட்டு." கன்னத்தைத் தடவிக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு இருந்தது. அதை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பேச்சு பேச்சுதான். பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க."

"விரால் போனது எப்ப?"

"அது அப்பவே."

"அப்புறம் இவ்வளவு நேரம் அங்க என்ன செஞ்சிய? கால் மாட்டிக்கிட்டுன்னு சொன்னியளே."

"ஆமா. மொதல்ல மாட்டிக்கிட்டு." மாசிலாமணி யோசித்தார். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. "பொறவு கால் வந்துட்டு, டீச்சர். நான்தான் வரல."

"நின்னிய."

"நின்னேன்."

செண்பகவல்லி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"செத்தா போயிட்டிய?"

மாசிலாமணி சேற்றுக் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். கண் நிறைந்தது.

அவள் பக்கத்திலிருந்த இலையைத் தட்டிக் காட்டினாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்:

"அடைக்கியக்கா, அண்ணாச்சிக்கு நெறையச் சோறு வைங்க. முட்டி வீக்கம் வத்தினதும் நாங்க கணவாய் ஏறணும்."